ஸர் ஆர்தர் காட்டன்: பள்ளிக்கரணைக்கு அவர் சரித்திரம் தரும் பாடம்

அன்னிய ஆட்சிக் காலத்தில் நம் நாட்டுக்கு வந்து உத்தியோகம் பார்த்துப் போன ஆங்கிலேயர் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. நினைவில் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. சர்க்கார் செலவில் நாட்டப்பெற்ற அவர்களுடைய சிலைகளுள் பல, சுதந்தரம் வந்தபின் பொருட்காட்சிச் சாலைகளின் மூலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் கோதாவரி ஜில்லாக்களில் ஓர் ஆங்கிலேயரின் சிலைகள் மட்டும் குடியானவர்களின் அன்பினாலேயே இன்றும் மாலையிட்டுப் போற்றப்படுகின்றன. அவர் ஸர் ஆர்தர் காட்டன். காவிரிக் கரையில் தொழில் கற்று, கோதாவரிக் கரையில் அதை நிறைவேற்றிய இஞ்சினீயர். அன்னிய ஆட்சியை எதிர்த்து வளர்ந்த மரபினராகிய நாம் இவரைப் பற்றி இன்று எழுதுவதற்குத் தக்க காரணம் உண்டு.

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையில் கிடக்கிறது பள்ளிக்கரணைக் கழுவெளி. சுமார் 60 வருஷங்களுக்கு முன் இது 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி இன்று வீடாகவும் சாலையாகவும் காரியாலயமாகவும் குப்பை மேடாகவும் மாறிவிட்டது. எஞ்சியதில் 317 ஹெக்டேரை 2007ம் வருஷம் சர்க்கார் காப்புக் காடாக்கினர். 2022ம் வருஷம் 1,247 ஹெக்டேர் பரப்பு, உலக நாடுகளின் ராம்சார் உடன்படிக்கைப்படி பாதுகாக்க வேண்டிய ஈரநிலமாகப் பட்டியலில் ஏறியது. இவ்வளவு கௌரவம் பெற்ற நிலத்தைச் சுற்றியுள்ள ஊர்கள், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கின. கழுவெளியை மீட்க வேண்டும் என்பதில் இன்று அபிப்பிராய பேதம் இல்லை. எப்படி மீட்பது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது. வேலி போட்டால் போதும் என்பார் சிலர். தூர் வாரினால் போதும் என்பார் சிலர். கடலுக்குப் பெரிய வாய்க்கால் வெட்டினால் போதும் என்பார் வேறு சிலர். நீரின் ஓர் அங்கத்தைத் தொட்டு மற்ற அங்கங்களை மறந்தால் என்ன நேரும் என்பதைக் காட்டன் தம் கையாலேயே செய்து, தம் கண்ணாலேயே கண்டு, தாமே திருத்தியும் வைத்தார். அந்தச் சரித்திரத்தை வாசகர்கள் அறிவது நலம்.

இளமை

ஆர்தர் காட்டன் 1803ம் வருஷம் மே மாதம் இங்கிலாந்தில் பிறந்தார். சகோதரர் பலர் உள்ள பெரிய குடும்பம். இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆடிஸ்கம் ராணுவப் பள்ளியில் சேர்ந்து, சென்னை இஞ்சினீயர் படையில் உத்தியோகம் பெற்று, 1821ம் வருஷம் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18. தென் ஜில்லாக்களின் ஏரிகளையும் கால்வாய்களையும் கவனிக்கும் இலாகாவில் துணை இஞ்சினீயராக அமர்ந்தார். பாம்பன் நீரிணையை அளந்தார். முதல் பர்மா யுத்தத்துக்குச் சென்று திரும்பினார். 1904ம் வருஷம் பம்பாய்க் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த ஸர் ஹென்றி காட்டன் வேறு ஒருவர் என்பதை இங்கே குறித்துவிடுகிறோம்.

யுத்தம் முடிந்து திரும்பியவரைக் காவிரிக்கு அனுப்பினர். அதுவே அவருக்கு உண்மையான கல்லூரியாயிற்று.

காவிரியில் கற்றது

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வட கிளை கொள்ளிடம். தென் கிளை காவிரி. நடுவில் ஸ்ரீரங்கத் தீவு. தீவின் கீழ்க் கோடியில் இரண்டு கிளைகளும் மறுபடி நெருங்கி வருகின்றன. அவ்விடத்தில், காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுத்துத் தஞ்சை நோக்கித் திருப்புவதற்கு நம் முன்னோர் கட்டியதே கல்லணை. கரிகாலன் செயலாக அதை நாடு போற்றுகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது; ஓட்டமும் வேகமானது. காவிரியின் படுகையோ வருஷந்தோறும் மணல் ஏறி மேடாகி வந்தது. ஆகவே முக்கொம்பிலேயே நீர் கொள்ளிடத்தின் பக்கம் சாயத் தொடங்கியது. தஞ்சை வயல்களுக்கு வரும் நீர் ஆண்டுக்காண்டு குறைந்தது.

கம்பெனியார் தஞ்சையின் ஆட்சியைக் கைக்கொண்டது 1799ம் வருஷம். நில வரியை வசூலிப்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பை, அந்த வரியைத் தரும் நீரைக் காப்பதில் காட்டவில்லை. மணலைக் கண்டால் கரையை உயர்த்துவது, கரை உடைந்தால் மறுபடி கட்டுவது என்று காலத்தைக் கழித்தனர். மணல் ஏற ஏறக் கரையும் ஏறிற்று. நோயின் காரணம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இளைஞரான காட்டன் முதலில் செய்த காரியம், பழைய கட்டடத்தைக் கவனித்துப் பார்த்தது. ஆழம் காண முடியாத மணற்படுகையில், பாறை அஸ்திவாரம் எதுவும் இன்றி, பெரும் கற்களை மணலில் அமிழ விட்டு, அவற்றின்மேல் எழுப்பிய கல்லணை எத்தனையோ நூற்றாண்டுகளாக வெள்ளத்தைத் தாங்கி நிற்பதை அவர் கண்டார். மணல் ஆற்றின் குறுக்கே நிலையான அணை கட்ட முடியுமா என்பதே அக்காலத்து ஐரோப்பிய இஞ்சினீயர்களுக்குச் சந்தேகமாக இருந்தது. முடியும் என்பதைக் காட்டனுக்குக் கற்பித்தவர்கள் பெயர் தெரியாத நம் கொத்தர்களும் குடியானவர்களுமே. இதை அவர் மறைக்கவில்லை. மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைத் தம்மவர் இந்த நாட்டாரிடமிருந்தே கற்றனர் என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். ஆட்சி செய்ய வந்தவன் ஆளப்படுவோரிடம் மாணாக்கனாக அமர்வது அக்காலத்தில் அரிய குணம்.

1830ம் வருஷத்தை ஒட்டிக் கல்லணையில் மணற்போக்கி மதகுகள் அமைத்தார். அணை நீரை மட்டும் தடுத்து மணலுக்கு வழி விடாவிட்டால், சில வருஷங்களில் அணையே மணல் மேடாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னர் 1836ம் வருஷம் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், அதற்கு வெகு தூரம் கிழக்கே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. மேலணை காவிரிக்கு நீரைத் திருப்பியது. கொள்ளிடத்தில் எஞ்சிச் செல்லும் நீரைக் கீழணை பிடித்துத் தென்னார்க்காட்டுக்கும் தஞ்சையின் வட பாகத்துக்கும் கொடுத்தது. சோழர் வெட்டிய வீராணம் ஏரியும் அந்நீரால் நிறைந்தது. தலையில் ஒன்று, இடையில் ஒன்று, கடையில் ஒன்றாக மூன்று அணைகளையும் சேர்த்து ஒரே ஏற்பாடாக அவர் பார்த்தார்.

ஆயினும் அவருடைய முதல் கணக்கு முழுதும் சரியாக அமையவில்லை. மேலணை எழுந்த சில வருஷங்களில் காவிரியில் தேவைக்கு மேல் நீர் பாயலாயிற்று. அதன் படுகை அரித்து ஆழமாயிற்று. கரைகளுக்கு ஆபத்து வந்தது. கொள்ளிடத்திலோ ஓட்டம் குறைந்து மணல் ஏறிற்று. முன்பு காவிரிக்கு இருந்த நோய் கொள்ளிடத்துக்கு மாறிவிட்டது. ஆகவே மேலணையின் ஒரு பகுதியை உயரம் குறைக்கவும், காவிரியின் தலைப்பில் படுகையைக் காக்கும் தடுப்புக் கட்டவும் நேர்ந்தது. ஒரு கிளைக்குச் செய்த உதவி மற்றொரு கிளையை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே எடை போட்டுப் பார்க்காமல் நீரில் கை வைக்கலாகாது என்பது இதனால் விளங்கிற்று. காவிரி கற்பித்த பாடங்களுள் இதுவே பெரிது என்று நாம் கருதுகிறோம்.

கோதாவரி

இதற்கிடையில் காட்டனின் தேகநிலை கெட்டது. நீண்ட விடுப்பில் ஆஸ்திரேலியாப் பக்கம் சென்றார். அங்கே 1841ம் வருஷம் விவாகம் செய்துகொண்டார். திரும்பி வந்தவரை வடக்கே தெலுங்கு ஜில்லாக்களுக்கு அனுப்பினர். அங்கே அவர் கண்டது 1833ம் வருஷக் க்ஷாமத்தின் தழும்பு. குண்டூர் ஜில்லாவில் மட்டும் 5 லக்ஷம் ஜனங்களில் 2 லக்ஷம் பேர் அதில் மாண்டனர். கிருஷ்ணை ஒரு பக்கமும் கோதாவரி மறு பக்கமும் நிறைந்து கடலில் விழ, நடுவில் ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள் என்றால் அதைத் தெய்வச் செயல் என்று எப்படிச் சொல்வது?

கோதாவரி டெல்டாவை ஆராய்ந்து காட்டன் அறிக்கை எழுதினார். ராஜமகேந்திரவரத்துக்குத் தெற்கே தவளேசுவரத்தில் அணை கட்டலாம் என்றார். 1847ம் வருஷம் வேலை தொடங்கியது. அவ்விடத்தில் ஆறு சுமார் 6 கிலோமீட்டர் அகலம். நடுவே உள்ள தீவுகளைத் துணையாகக் கொண்டு, தவளேசுவரம், ராலி, மத்தூர், விஜ்ஜேசுவரம் என நான்கு பகுதிகளாக அணை எழுந்தது. அஸ்திவாரம் மணல்தான், முறை கல்லணை முறைதான். கேட்ட அளவு ஆட்களையும் பணத்தையும் சர்க்கார் கொடுக்கவில்லை. நடுவில் காட்டன் நோயுற்று விடுப்பில் செல்ல நேர்ந்தது. அப்போது கேப்டன் ஆர் பொறுப்பை ஏற்று நடத்தினார். தொழிலாளரைத் திரட்டுவதிலும் வேலையை மேற்பார்ப்பதிலும் வீணம் வீரண்ணா என்னும் நம் நாட்டவர் காட்டனுக்கு வலக் கையாக இருந்தார். வெயிலில் கல் சுமந்த ஆயிரக்கணக்கான ஆண் பெண்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 1852ம் வருஷம் அணை முடிந்தது. அடுத்துக் கிருஷ்ணையின் குறுக்கே பெஜவாடாவிலும் அணை எழுந்தது. க்ஷாம பூமி நெற்களஞ்சியமாயிற்று. கோதாவரி டெல்டாவில் இன்று ஏறக்குறைய 10 லக்ஷம் ஏக்கர் பாசனம் பெறுகிறது.

இந்தக் கால்வாய்கள் பாசனத்துக்கு மட்டும் ஏற்பட்டவை அல்ல; படகுப் போக்குவரத்துக்கும் உரியவை. 1806ம் வருஷம் தொடங்கி ஒரு வியாபாரியின் முயற்சியால் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பெற்ற கால்வாய் பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1877-78ல் க்ஷாம நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. வடக்கே அது கிருஷ்ணை, கோதாவரிக் கால்வாய்களோடு சேர்ந்தது. இதனால் காக்கிநாடாவில் ஏற்றிய சரக்கு படகிலேயே சென்னை வந்து, தெற்கே மரக்காணம் வரை செல்ல முடிந்தது. பள்ளிக்கரணையின் நீர் ஒக்கியம் மடுவு வழியாக வந்து விழும் கால்வாயும் இதுவே.

ரயிலா, கால்வாயா?

காட்டன் ரயிலை வெறுத்தவர் அல்லர். 1830களில் சென்னைக்கு அருகே செங்குன்றம் பக்கத்தில் சாலைக்குக் கல் கொண்டுவரப் போட்ட சிறு இருப்புப் பாதை இந்தியாவின் முதல் ரயில் முயற்சிகளுள் ஒன்று. அதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் ஏழை நாட்டின் முதற்செலவு நீருக்கே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. ரயில் உள்ள தானியத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகும். நீரோ தானியத்தை உண்டாக்கும். இதை வற்புறுத்தி 1854ம் வருஷம் இந்தியாவின் பொதுமராமத்து வேலைகளைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். பழைய ஏரிகளையும் கால்வாய்களையும் கம்பெனி ஆட்சி பாழாக விட்டதை அதில் கண்டித்தார். 1860ம் வருஷம் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். மறு வருஷம் ஸர் பட்டம் கிடைத்தது. பட்டம் கிடைத்ததால் வாயை மூடிக்கொள்ளவில்லை. ரயில் கம்பெனிகளின் லாபத்துக்கு இந்தியக் குடியானவன் வரி ஏன் ஜாமீனாக வேண்டும் என்று அந்நாட்டிலேயே வாதாடினார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவர் கட்சியை ஆதரித்தார்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டில் தாது வருஷப் பெருங் க்ஷாமம் வந்தது. மாண்டவர் 50 லக்ஷத்துக்கு மேல் என்று கணக்கிடுவர். ரயில் இருந்தது, வண்டி வண்டியாகத் தானியமும் வந்தது, வாங்கப் பணம் இல்லாதவன் ஸ்டேஷன் வாசலிலேயே விழுந்தான். 1878ம் வருஷம் பார்லிமெண்ட் கமிட்டி விசாரணை நடத்தியபோது 75 வயதுக் கிழவர் சாட்சி சொல்லச் சென்றார். கமிட்டியார் அவரைக் குற்றவாளியைப் போலக் குறுக்கு விசாரணை செய்தனர்; முடிவும் அவருக்குச் சாதகமாக இல்லை. 1900ம் வருஷ வாக்கில் ரயிலுக்குச் சுமார் 22½ கோடிப் பவுன் செலவாகியிருக்க, நீர்ப்பாசனத்துக்குச் செலவானது சுமார் 2½ கோடிப் பவுனே என்று ரொமேஷ் சந்திர தத்தர் எடுத்துக் காட்டினார். காட்டனின் வாதம் இவ்வாறு நம் தேசிய இயக்கத்தின் ஆயுதமாயிற்று. அவரோ 1899ம் வருஷம் ஜூலை மாதம் டார்க்கிங் என்னும் ஊரில், 96ம் வயதில், கடைசிவரை உழவு முறைகளைப் பரிசோதித்துக்கொண்டே காலமானார்.

அவருடைய குறைகள்

பெரியோர் சரித்திரத்தைக் குறை நீக்கிச் சொல்வது அவர்களுக்கு மரியாதை ஆகாது. அவர் கட்டிய அணைகளால் குடியானவனுக்குச் சோறு கிடைத்தது. கம்பெனியாரின் வரி வசூலும் பெருகியது. அந்த லாபத்தைக் காட்டித்தான் அவர் மேலதிகாரிகளின் சம்மதத்தைப் பெற்றார். அவர் ஆதரித்த சென்னை நீர்ப்பாசனக் கம்பெனி வெட்டிய கர்நூல்-கடப்பைக் கால்வாய், புன்செய்ப் பயிருக்குப் பழகிய கரிசல் நிலத்துக் குடிகளின் தேவையை மிகைப்படுத்திக் கணக்கிட்டதால் நஷ்டத்தில் முடிந்தது. 1882ம் வருஷம் சர்க்கார் அதை விலைக்கு வாங்க நேர்ந்தது.

மற்றொரு குறை அவருக்கு மட்டும் உரியதன்று; அந்தத் தலைமுறை இஞ்சினீயர் அனைவருக்கும் உரியது. கடலில் சேரும் நீர் வீண் என்றும், பயிர் விளையாத ஈர நிலம் வீண் என்றும் அவர்கள் எண்ணினர். முகத்துவாரத்துக்கு நல்ல நீர் போகாவிட்டால் உப்பு நீர் உள்ளே ஏறும், மீன் குஞ்சுக்கு இடம் இராது, கரையோரக் கிணறுகள் கெடும் என்பதை இன்று நாம் அறிவோம். சதுப்பு நிலம் மழை வெள்ளத்தை வாங்கி வைத்து மெல்ல விடுகிறது. நிலத்தடி நீரை ஊட்டுகிறது. தூர தேசத்துப் பறவைகளுக்கும் அடைக்கலம் தருகிறது. வரி தராத நிலத்தைத் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதி வைத்த ரிவினியூக் கணக்கு அன்னியர் ஏற்படுத்தியது. அந்தக் கணக்கைச் சுதந்தர இந்தியாவிலும் நாம் அப்படியே வைத்துக்கொண்டோம். பள்ளிக்கரணை யாருக்கும் உதவாத நிலம் என்ற எண்ணத்தின்மேல்தான் குப்பையைக் கொட்டினோம். சர்க்கார் ஸ்தாபனங்களையே கட்டினோம்.

பள்ளிக்கரணையின் குடும்பம்

பள்ளிக்கரணை தனி நிலம் அன்று. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை அங்கே வந்து சேர்கிறது. கிழக்குத் தாம்பரத்தின் பக்கத்திலிருந்து செம்பாக்கம் ஏரியின் உபரி நீர் நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கும், பின்னர் நாராயணபுரத்துக்கும், கடைசியில் கழுவெளிக்கும் வரும். தெற்கே சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம் ஏரிகளின் நீர் வரும். வடக்கே ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பக்கத்து நீர் வரும். ஒவ்வோர் ஏரிக்கும் வரத்துக்கால் உண்டு, மதகு உண்டு, கலங்கல் உண்டு. மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு உயிர். எல்லாம் நிறைந்தபின் கழுவெளி. அதன்பின் ஒக்கியம் மடுவு. அதன்பின் பக்கிங்ஹாம் கால்வாய். கடைசியில் முட்டுக்காடு முகத்துவாரம். இஞ்சினீயர் கல்லூரி எதுவும் இல்லாத காலத்தில், மண்ணின் சரிவை மட்டும் பார்த்து நம் முன்னோர் அமைத்த ஏற்பாடு இது. இதைக் கண்டிருந்தால் கல்லணையின் முன் நின்றது போலவே காட்டன் இதன் முன்னும் மாணாக்கராக நின்றிருப்பார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

இந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பை மட்டும் திருத்த முயன்றால் காவிரிக்கு நேர்ந்ததே நேரும். ஒக்கியம் மடுவை மட்டும் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினால் மழை நீர் விரைந்து கடலுக்குப் போகும், வெள்ளம் குறையும். ஆனால் கோடைக்கு முன்பே கழுவெளி காய்ந்துவிடும்; கடல் பொங்கும் நாளில் உப்பு நீர் அதே வழியாக உள்ளே வரும். கழுவெளிக்குக் கரை எழுப்பி நீரை மட்டும் தேக்கினால் வேளச்சேரியும் மடிப்பாக்கமும் முழுகும். மேல் ஏரிகளைத் தூர் வாராமல் அவற்றின் கால்வாய்களை மட்டும் காங்கிரீட் போட்டு வழவழப்பாக்கினால், மூன்று நாளில் வர வேண்டிய வெள்ளம் மூன்று மணியில் கீழே வந்து சேரும். மேலே தாங்கி, நடுவில் நிறுத்தி, கடைசியில் அளவாக விட வேண்டும்.

மணற்போக்கியின் பாடமும் இங்கே பொருந்தும். கல்லணைக்கு வந்தது மணல். நம் ஏரிகளுக்கு வருவது சாக்கடையும் குப்பையும். வருவதை நிறுத்தாமல் தூர் வாருவது, மணலைத் தடுக்காமல் கரையை உயர்த்திய கம்பெனியாரின் வேலையே ஆகும். ஒருமுறை கோடிகளைச் செலவிட்டு விழா நடத்துவதாலும் பயன் இல்லை. வருஷந்தோறும் சிறிது செலவிட்டுப் பராமரிப்பதே பயன் தரும். குடிமராமத்து என்று நம்மவர் செய்தது அதைத்தான். 182 வருஷம் நின்ற முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டு மாதம் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. எவ்வளவு உறுதியான கட்டடமாயினும் மனிதர் கண் அதன்மேல் எப்போதும் இருந்தாக வேண்டும்.

யார் பொறுப்பு?

இன்று செம்பாக்கம் ஏரி தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது. அதன் நீர் ஓடிச் சேரும் பள்ளிக்கரணை 2011ம் வருஷம் முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. நடுவில் கிராம பஞ்சாயத்துக்கள் உண்டு. கழுவெளியின் ஒரு பாகம் வன இலாகாவுடையது. ஏரியும் கால்வாயும் நீர்வள இலாகாவுடையவை. சாலையின் கீழுள்ள பாலம் நெடுஞ்சாலை இலாகாவுடையது. நீருக்கு இந்த எல்லைகள் தெரியா. கொள்ளிடத்துக்கு ஒருவர், காவிரிக்கு ஒருவர், கல்லணைக்கு ஒருவர் என்று மூவர் மூன்று காரியாலயங்களில் இருந்திருந்தால் தஞ்சை பிழைத்திராது. செம்பாக்கம் ஏரியை மீட்கத் தர்ம ஸ்தாபனங்களும் வித்துவான்களும் சர்க்காரும் சேர்ந்து செய்த முயற்சி போற்றத்தக்கது. அம்முயற்சி சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் எட்ட வேண்டும். அதற்குத் தலைமுதல் கடைவரை ஒரே கையில் அதிகாரமும், ஒரே கணக்கில் பணமும், ஒரே வரைபடத்தில் எல்லா நீர்வழிகளும் இருக்க வேண்டும். அந்த வரைபடத்தில் நீருக்கு உரிய இடம் என்று குறித்த ஓர் அடி நிலத்துக்கும், எவ்வளவு பெரிய மனிதர் கேட்டாலும், கட்டட அனுமதி கொடுக்கலாகாது. அந்த இடங்களில் முன்பே குடியேறிவிட்ட ஏழைகளை இரவோடிரவாகத் துரத்தும் கொடுமையும் கூடாது. ஏழையின் குடிசையை இடித்து, அதன் பக்கத்தில் நிற்கும் மாளிகையை விட்டுவைக்கும் மீட்பு யாருடைய நம்பிக்கையையும் பெறாது.

நம் நகரத்தின் நிலையைச் சற்றே யோசியுங்கள். 2019ம் வருஷக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், வண்டிக்கு 25 லக்ஷம் லிட்டராகக் குடிநீர் வந்தது. ரயிலுக்கு முன் நீரைக் கவனியுங்கள் என்று கதறிய கிழவரின் வாதத்தை இதைவிடத் தெளிவாக யார் நிரூபிக்க முடியும்? 2004ம் வருஷம் முதல் சென்னை குடிக்கும் வீராண நீர் அவர் கட்டிய கீழணையால் நிறையும் ஏரியின் நீர். கிருஷ்ணை நீரும் வெகு தூரம் கடந்து நமக்கு வருகிறது. தூரத்து ஆறுகளிடம் கை நீட்டும் நகரம் தன் வாசலில் விழும் மழையை வைக்க இடம் இல்லாமல் செய்துகொண்டது. அதனால் ஒரு வருஷம் வெள்ளத்திலும் மறு வருஷம் தாகத்திலும் தவிக்கிறது.

அன்னியர் ஆண்ட நாளில் ஏரி பாழானபோது அவர்களைக் குற்றம் சாட்டினோம். அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. ஓர் ஆங்கிலேயரே அதற்குச் சாட்சி சொன்னார். பள்ளிக்கரணையின் பெரும்பகுதியோ நம் ஆட்சியில், நாம் வோட்டுப் போட்டு அனுப்பிய கௌன்சிலர்களின் கண்ணெதிரில் அழிந்தது. ஆகவே பொறுப்பை ஏற்க வேண்டியவர்களும் நாமே. தேச சேவையில் ஈடுபட்டுள்ள ஒவ்வோர் ஊழியரும் தம் ஊர் ஏரியின் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, கலங்கல் நீர் எங்கே போகிறது என்பதை இந்த மழைக்காலத்தில் நடந்து சென்று பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதிக்கொண்டு, கீழ் ஏரி ஊராரையும் மேல் ஏரி ஊராரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டும். வோட்டுக் கேட்டு வருவோரிடம் முதற் கேள்வியாக அதைக் கேட்க வேண்டும். பள்ளிக்கரணையின் மீட்பு அந்த நடையில்தான் தொடங்கும்.